மருதாயியின் குஷி

முதலில் டீயைக் குடித்துவிடுங்கள், மேடம். வார்டு ஆயா ரெங்கம்மா போடும் டீ ஆறிவிட்டால் அதன் அருமை போய்விடும். எங்கள் டாக்டர் பானு உங்கள் மனநல வாரியத்துக்கு எழுதிய புகாரை நானும் இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். ஓரிடத்தில் தேதி மட்டும் தவறு. திருத்தி வைத்திருக்கிறேன்.

என் பெயர் முருகானந்தம். மனநல மருத்துவன். விருதுநகரிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அபர்டீன் பஜாரில் யாரிடம் கேட்டாலும் என்னைச் 'சிரித்த முகக்காரர்' என்பார்கள். வந்தவர் மனம் கோணாமல் அனுப்புவது என் சுபாவம்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விஜயன் வந்தார். அரசு அலுவலகத்தில் கிளார்க். கோயில் கமிட்டியில் பழக்கம்.

"அம்மா சரியில்ல சார்" என்றார்.

"சாப்பிடுறாங்களா?"

"நல்லா சாப்பிடுறாங்க."

"தூக்கம்?"

"படுத்தா தூங்கிடுறாங்க."

"அப்புறம் என்ன?"

"சிரிக்கிறாங்க சார்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்காரவைத்து விவரம் கேட்டேன்.

அம்மாவின் பெயர் மருதாயி. ஐம்பத்தேழு வயது. இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் கச்சால் தீவுக்கு வந்து, அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் இங்கே நகரை ஒட்டிய புரோத்ராபூருக்கு வந்துவிட்டது. கணவர் முனியாண்டி போன வருடம் காலமானார். மருதாயி பதினாறு நாள் முறையாக அழுதார். பதினேழாம் நாள் காலையில் மருமகள் ஷீலாவிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். துடைத்து வைக்கத்தான் கேட்கிறார் என்று ஷீலா கொடுத்துவிட்டாள். இரண்டே வாரத்தில், ஒரு வேலியையும் இரண்டு கோழிகளையும் உரசியபடி, ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அப்புறம் கறுப்புக் கண்ணாடி வந்தது. பஜாரில் ஆட்டோக்காரர்களோடு இந்தியில் சண்டை, சண்டை முடிந்ததும் அவர்களோடே டீ. டவுன் பஸ்ஸில் பாட்டு. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் ஏறிப் போய், கடலில் குளித்து, மறுநாள் மூக்கெல்லாம் வெயிலில் கறுத்துத் திரும்பினார். மகன் கத்தியிருக்கிறார். அம்மா அசரவில்லையாம்.

"முப்பத்தொம்பது வருசமா கடலப் பாத்துக்கிட்டே இருந்தேன்டா. உங்கப்பன் கால நனைக்க விடல. இப்பத்தான் முங்குனேன். தண்ணி எம்புட்டு உப்பு தெரியுமா ஒனக்கு?"

விஜயன் கண் கலங்கிவிட்டார். "ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க சார். மானம், இஜ்ஜத் எல்லாம் போவுது. ஒரு மாசம் உள்ள வச்சுப் பாருங்க."

நல்ல பிள்ளை. எப்படி இல்லையென்று சொல்வது?

பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் புதன்கிழமை கூட்டிவந்தார். சரியாகச் சொன்னால், மகனைப் பின்னால் உட்காரவைத்து மருதாயிதான் ஸ்கூட்டரை ஓட்டிவந்தார். நாற்பது நிமிடம் பேசினேன். இவ்வளவு இனிமையாக ஒரு பரிசோதனை நடந்து எனக்கு நினைவில்லை. தேதி சரி, கிழமை சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் என்னை முந்தினார். காதில் ஏதாவது குரல் கேட்கிறதா என்றேன்.

"கேக்குதுங்க. காலைல அஞ்சரைக்கு மருமக கொரல்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சொன்னார்: "நான் பாகல், பைத்தியம் இல்லீங்க டாக்டரய்யா. குஷியா இருக்கேன். அதுக்கும் மருந்து வச்சிருக்கீங்களா?" எழுந்திருக்கும்போது, "நீங்க கடைசியா எப்பங்க கடல்ல குளிச்சீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியும், மேடம். யோசித்தேன், வருடம் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கேள்விக்கும் என் கையெழுத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் கேட்ட பிறகு நான் பேனாவைத் திறந்தேன், அவ்வளவுதான்.

விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் அவரால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும். அதற்குக் கடல் இருந்தது. 'உயிருக்கு அஞ்சாமல் தனியே கடலில் இறங்குதல்' என்று எழுதினேன். இன்னொரு டாக்டரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பானு பார்த்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே வெளியே வந்தாள்.

"சார், அவங்க நல்லா இருக்காங்க."

"நமக்குத் தெரியுதும்மா. வீட்டுக்குத் தெரியலியே. பத்து நாள் ஓய்வுன்னு வச்சுக்கோ."

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள்.

முதல் வாரம் எங்கள் வார்டு திருவிழாபோல இருந்தது. மருதாயி எல்லோருக்கும் தோட்டத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து மாதமாக வாய் திறக்காத வங்காளிப் பெண் ஒருத்தி கை தட்டினாள். தினமும் நான் உள்ளே நுழைந்ததும், "எப்பங்க அனுப்புவீங்க?" என்று மருதாயி கேட்பார். "நாளைக்கு" என்று சிரிப்பேன். ஒன்பதாம் நாள் அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். நான்கு பேர் விரலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டேன். அதற்குப் பிறகு மாத்திரையின் அளவைக் கூட்டினேன். நோயாளி சிரித்தால் நோய் இன்னும் இருக்கிறது என்றுதானே பொருள்?

மூன்றாம் வாரம் பாட்டில் வார்த்தை போய் ராகம் மட்டும் இருந்தது. நான்காம் வாரம் அதுவும் நின்றது. கை நடுங்கியது. வாயோரம் வழிவதை ரெங்கம்மா துடைத்துவிட்டாள். கட்டாயமாக வைத்திருக்கச் சட்டம் தரும் கெடு முடியும் முப்பதாம் நாள், 'என் சொந்த விருப்பத்தில் தங்கியிருக்கிறேன்' என்ற தாளை நீட்டினேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சொன்னபடி கையெழுத்துப் போட்டார்.

விஜயன் இனிப்போடு வந்தார். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"பழையபடி ஆயிட்டாங்க சார். அப்பா இருந்தப்ப இப்டித்தான் இருப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் அப்படி ஒரு நிறைவு எப்போதாவதுதான் கிடைக்கும்.

இது நான்காவது மாதம். நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அன்று மருதாயிக்கு எந்த நோயும் இல்லை. கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

அவரிடமே விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். பக்கத்து அறைதான், தாராளமாகப் போய்ப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று காலையிலேயே ஒரு சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிக்குக் கேள்வி புரியாது, பதில் சொல்லும் நிலையிலும் இல்லை. இந்தியாவில் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கூட்டிவந்து சோதிக்கலாம், ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

அப்படிப் பார்த்தால், அவரைச் சேர்க்க எழுதிய என் முதல் சான்றிதழும் இப்போது பொய்யில்லை, மேடம். எழுதும்போது கொஞ்சம் முந்திவிட்டேன், அவ்வளவுதான்.