வவ்வால் ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டு

"வவ்வாலுக்கு வகை மாத்திட்டாங்களாம். அதான் எங்க வூட்டுக்காரு எழுத்தை உரிச்சி எடுத்துட்டாங்க."

திருப்பதியிலிருந்து நகரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள், புத்தூரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்த தெரிந்த பெண்ணிடம் இப்படிச் சொன்னார். அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

"காலேஜி லேப்ல மருந்துல பிராணிங்கள போட்டு வெச்சிக்கிற ஜாடிக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுனது அவருதானே. பழம் துன்ற வவ்வாலு தனி, பூச்சி துன்றது தனின்னு அப்போ புஸ்தகத்துல இருந்துச்சாம். இப்போ டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, பூச்சி துன்றதுல சிலது பழம் துன்றதுக்குத்தான் கிட்டத்து சொந்தம்ன்றாங்க. புதுச் சீட்டு பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டாங்க."

"அவரு போயி மூணு வருசம் இருக்குமாக்கா?"

"ஆச்சு. வூட்ல அவரு எழுதுனது ஒரு துண்டுகூட இல்ல. அதான் பழைய சீட்டைக் கேட்டு வாங்கியாந்தேன்."

பர்ஸைத் திறந்து காட்டினார். மருந்து நெடி என் இருக்கை வரை வந்தது.

"மத்த ஜாடிங்க?"

"பாம்பு, தேளு, மீனு எல்லாத்துலயும் அவரு எழுத்து அப்படியே ஒட்டிக்கினு இருக்குது. அதெல்லாம் சரியாத்தான் இருக்குதாம்."

அம்மாள் பர்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பனா அதுவும் தப்புன்னு ஆச்சுன்னா, தூக்கிப் போட்றாதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு லேப் மேடம்கிட்ட சொல்லிட்டு வந்துக்கிறேன்."