ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த பலகை

மோட்டார் சைக்கிளை நிறுத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, லூர்து. ஸ்டாண்டு இருக்கும் இடப்பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பி வைக்க வேண்டும். உருளாமல் இருக்கக் கியரில் விட வேண்டும். மண் ஈரமாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி இருதயநாதன்தான். மழை வந்தால் வண்டியைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவைப்பது என் வேலை.

நேற்று அவனை அடக்கம் செய்த பிறகு, கல்லறைத் தோட்டத்தில் வைத்து நீ கேட்டாய். “அவர் கால் எப்படிங்க போச்சு?” சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது நாதனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. மூன்று இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். அதோடு போனவர்கள்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. தையல் தைத்து அவனைப் படிக்க வைத்தேன். விவசாய இலாகாவில் வேலை கிடைத்தது, வண்டி வாங்கினான். முதல் நாளே என்னைப் பின்னால் உட்கார வைத்து, பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை போய் வந்தான். அவ்வளவு வேகத்தில் நான் போனதே இல்லை.

பிறகு லால்குடியில் உன்னைப் பார்த்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை, சாப்பிடும்போது சொன்னான்.

“லால்குடிக்கே மாத்தல் கேட்டிருக்கேன்க்கா. லூர்து வேலை பாக்குற ஸ்கூலும் அங்கதானே. நீயும் வந்துடு.”

“நான் வந்து என்ன பண்ணப் போறேன்?”

“சும்மா இரேன். இத்தனை வருஷம் உழைச்சது போதாதா?”

அன்பாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உங்கள் வீட்டுக்குக் கல்யாண நாள் குறிக்க வருவதாக இருந்தான். நாங்கள் முதல் பூசைக்கே போய் வந்துவிட்டோம். தெருவில் மற்றவர்களெல்லாம் எட்டு மணிப் பூசைக்குப் போயிருந்தார்கள். கொல்லை மண் மழையில் ஊறிக் கிடந்தது. அவன் முகம் மழிக்க உள்ளே போனபோது, வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பலகையைக் காலால் தள்ளிவிட்டு, ஸ்டாண்டை வெறும் மண்ணில் ஊன்றினேன். விழுந்து ஹாண்டில்பார் கோணினால் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

வண்டி உடனே விழவில்லை. நாதன் துணியை எடுத்துக்கொண்டு வந்து, இடப்பக்கம் ஒரு மணையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு எஞ்சினைத் துடைத்தான். ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்குவது அடுக்களை ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. எழுந்திரு என்று சொல்ல நேரம் இருந்தது. நான் காபி வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூட்டை அரிசிக்கு மேல் கனமான அந்த வண்டி அவன் கால்மேல் சாய்ந்தது. “அக்கா, தூக்குக்கா” என்றான். மழைக்காலம் முழுக்க அதைத் தள்ளிப் பழகிய கைகள் எனக்கு. ஆனாலும் “என்னால முடியலடா” என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். பூசை முடிந்து ஆட்கள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவன் என் கையை விடவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்வான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் தூக்கியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். “உன்னைப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லம்மா” என்றேன். அவனிடம் நீ வரவே இல்லை என்றேன். தபாலில் போடச் சொல்லி உனக்கு எழுதிய கடிதங்களை அவன் என்னிடம்தான் கொடுப்பான். நீ எழுதியவையும் என் கைக்குத்தான் வந்தன. எல்லாம் அடுப்புக்குப் போயின. மறு வருஷம், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்று சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கட்டைக்கால் வைத்தால் நடக்கலாம் என்று அவன் ஆபீஸ் நண்பர் ஜமால் வந்து சொன்னார். புண் நன்றாக ஆறட்டும் என்றேன். அப்படியே எட்டு வருஷம் போயிற்று.

அதே ஜமால்தான் உனக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறார். நேற்று உன் கழுத்தைப் பார்த்தேன். தாலி இல்லை. நீ கட்டிக்கொண்டிருப்பாய் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

போன மாதம், சாப்பாடு பிசைந்து கொடுத்தபோது என்னைப் பார்த்துச் சொன்னான். “நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?” எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

இந்தக் காகிதத்தைப் போலீசில் கொடுப்பதானால் கொடு. நான் மறுக்க மாட்டேன். ஆனால் மனசாட்சியைத் தொட்டு ஒன்று சொல், லூர்து. நீயாக இருந்தால் என் தம்பியை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பாயா?