முதல் கேட்டில் நிற்பவர்

திருவொற்றியூரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். துறைமுகக் கேட்டில் லாரிகளைச் சோதிக்கிறவர்கள் போடும் பச்சை மேல்சட்டை இருவர் மடியிலும் இருந்தது.

“அந்த மெயிலு மட்டும் லாரியா வந்திருந்தா, நானே ஓரங்கட்டிருப்பேன் மாமு,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“இன்னா மெயிலு?”

“பத்து நிமிசத்துல உன் அக்கவுண்ட்ட மூடிடுவோம், இத்த அமுக்கி பாஸ்வேர்டு போடுன்னு வந்துச்சு. பதறிப்போயி போட்டுட்டேன்.”

“நீயா? அவசரம்னு ஆரன் அடிக்கிற லாரியத்தான் மொதல்ல சந்தேகப்படணும்னு எனக்குச் சொல்லிக் குட்த்ததே நீதான?”

“அதான் மாமு, மானம் போவுது. இருவது வருசமா மொத கேட்டுல நிக்கிறேன். எவனாச்சும் அவசரப்படுத்துனா சீலு, பேப்பரு எல்லாத்தையும் ரெண்டு வாட்டி பாப்பேன். இத்த அனுப்புனவன் யாருன்னுகூட பாக்கல.”

“இப்போ இன்னா ஆச்சு?”

“எவனோ என் மெயிலுக்குள்ள பூந்துட்டான். ‘இந்த போட்டோவ பாரு’ன்னு என் பேர்ல எல்லாருக்கும் போய்கினு கீது. சர்ச்சு ஆளுங்க, சம்பந்தி வூடு, ஒருத்தர் பாக்கியில்ல. வூட்ல இன்னும் சொல்லல. நீயாச்சும் அத்த அமுக்கிடாத.”

பக்கத்தில் இருந்தவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

“காலைலயே அமுக்கிட்டேன் நைனா. பாஸ்வேர்டு கேட்டுச்சு, அதையும் போட்டுட்டேன். ரெண்டாவது கேட்டுல நிக்கிறவன் நானு. நீ பாத்து வுட்டத நான் என்னிக்கி மறுபடி பாத்துருக்கேன்?”