பொட்டு வைத்த பெட்டி

கொட்டகலையில் பஸ் நின்றபோது, முன் சீட்டில் இருந்த தேயிலை பெக்டரிக்காரர் சொன்னது காதில் விழுந்தது: "சந்தனப் பொட்டு வச்சேன், மெஷின் நின்னு போச்சுங்க."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார். "எந்த மெஷின்?"

"தூள் காய வைக்கிறது. சூட்டக் கூட்டிக் கொறைக்கிற பழைய பெட்டிக்கு இப்ப உதிரிச் சாமான் வர்றதில்லன்னு, விரலால தொட்டா வேல செய்ற புதுசு மாட்டிட்டாங்க. ஆயுத பூசைக்கு நான் பொட்டு வச்ச எடம், நிறுத்துற பட்டன்."

"ஐயையோ! உள்ள இருந்த தூளு?"

"கருகிப் போச்சு. தொரை ஏசித் தள்ளிட்டாரு."

"அப்ப பூசைய விட்டுட்டீங்களா?"

"அதெப்படி விடுறது? பழைய பெட்டிய, ஒயரு இல்லாம பக்கத்துலயே மாட்டிட்டோம். பொட்டு, மாலை எல்லாம் அதுக்கு. வேல மட்டும் புதுசுக்கு."

"நம்ம தொழிற்சங்கத் தலைவரு மாதிரின்னு சொல்லுங்க."