சபாஷ் தமிழரசன்

போட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்தக் கேமராவ மொதல்ல பையில வைங்க தம்பி. செருப்பு கெடக்கட்டும் கால்லயே, உங்கள உள்ள கூப்பிடலியே நான். என்னா சொல்லணுமோ வாசல்லயே நின்னு சொல்லிட்டுக் கெளம்புங்க. ராகுகாலம் முடிஞ்சதும் ஆளுங்க வந்துடுவாங்க. என் மவளுக்கு இன்னிக்குப் பூ வைக்கிறாங்க.

ஆமா, தமிழரசனோட அம்மாதான். பேனரு நல்லா பெருசாத்தான் அடிச்சிருக்கீங்க. மாவட்டத்துலயே முதல் மாணவனா? கையில ஷீல்டு வேறயா? அவன் எங்கங்கிறீங்களா? அறுப்பு முடிஞ்ச வயல்ல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பான், வேற எங்க போவான்.

இருங்க, கல்யாண வீடுன்னு வாழ்த்தெல்லாம் சொல்லாதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. போன்ல பாடம் சொல்லித் தர்ற உங்க ஆப்பு வந்ததுலேர்ந்துதான் இந்த வீட்டுக்குச் சனியன் புடிச்சுது.

போன ஆடியில உங்க கம்பெனி ஆளு ஒருத்தரு டை கட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு ரெட்டைப் புள்ளைங்க தம்பி, தமிழரசன், வானதி, ரெண்டும் பன்னெண்டாவது. யாரு பேருல போடலாம்னு கேட்டாரு. இதுங்க அப்பா சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு போன்லயே சொல்லிட்டாரு, பையன் பேருல போடுங்க, பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு. வானதி கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்க ஆளு அது பக்கம் திரும்பிக்கூட பாக்கல.

அதுலேர்ந்து ஞாயித்துக்கெழமையானா இதுங்க அப்பா போனுக்கு ரிப்போர்ட்டு போயிடும். உங்கள் மகன் இத்தன பாடம் முடிச்சான், உங்கள் மகன் இத்தனாவது எடம். மனுசனுக்குக் கால் தரையில பாவல. கூட வேல செய்யிறவங்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் குடுத்திருக்காரு. இங்க அரைப் பரிட்சையில தமிழரசன் உயிரியல்ல ஃபெயிலு, வானதி வகுப்புலயே மொதலு. அத எடுத்துச் சொன்னா, வாத்தியாருக்கு ஓரவஞ்சனை, மிஷினுக்கு அதெல்லாம் கெடையாதுங்கிறாரு. பெத்தவ சொன்னா நம்ப மாட்டாரு. உங்க ஆப்பு சொன்னா மட்டும் வேதவாக்கு.

எதுக்கு இவ்ளோ சீக்கிரம் கல்யாணமா? நல்லா கேட்டீங்க போங்க. கல்யாணம் ஆவணிக்குப் பொறவுதான், பதினெட்டு முடியட்டும்னு இருக்காங்க. ஆனா பூ வச்சுட்டா அதுக்கப்பறம் பஸ் ஏறி மாயவரம் போவக்கூடாதாம். பள்ளிக்கூடமும் கெடையாது, மார்ச்சுல பரிட்சையும் கெடையாது. வேளாண்மைக் காலேஜுக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நின்ன புள்ள தம்பி அது. நாலு நாளா அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. நான் பெத்த வயிறு, எரியுமா எரியாதா?

என் நாத்தனா பண்ணுன வேல இது. அம்சம்னு பேரு. பக்கத்துத் தெருதான். கொல்லையில வானதி காதுல ஒயர மாட்டிக்கிட்டு, தனக்குத்தானே பேசுறத, திடீர்னு சிரிக்கிறத பாத்திருக்கா. ஒடனே அண்ணனுக்குப் போன். உன் மவ போனும் கையுமா திரியிறா, எவன்கிட்டயோ கொஞ்சிக்கிட்டு இருக்கா, பேரு கெட்டுப்போறதுக்குள்ள என் மவனுக்கே குடுத்துடுன்னு. அவளுக்கு ரொம்ப நாளா இது மேல ஒரு கண்ணு. இவரு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, புள்ளையக் கூப்பிட்டுக் கேக்கல. பையன் எப்புடிப் படிக்கிறான், பொண்ணு இப்புடி மானத்த வாங்குதேன்னு என்னையத்தான் ஏசினாரு. அம்சம் வந்து போனப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டா.

என்னா சொன்னீங்க? பொங்கலுக்கு மறுநாள்லேர்ந்து தமிழரசன் ஆப்புப் பக்கமே வரலியா? ஒடம்பு சரியில்லியான்னு கேக்குறீங்களா?

அவன் ஒடம்புக்கு என்னா கேடு, கல்லாட்டம் இருக்கான். அம்சம் போனப் புடுங்குனது பொங்கலுக்கு மறுநாளு தம்பி. வானதி கையிலேர்ந்து. அந்தப் போன்லதான் உங்க ஆப்பு இருந்துச்சு. தமிழரசன் அதத் தொட்டதே கெடையாது. அவனுக்கு அவங்க அப்பா வேற போனு அனுப்பிச்சாரு, கேம் ஆட.

முழிக்காதீங்க. எல்லாத்தையும் படிச்சது எம் பொண்ணுதான். பாத்திரம் தேய்ச்சு, மாட்டுக்கு வைக்கல் போட்டுட்டு, அதுக்கப்பறம் கொல்லையில போயி உக்காரும். பாடத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லும். அதுதான் என் நாத்தனா கண்ட கொஞ்சல். கணக்கு சரியா வந்தா உங்க ஆப்பு சபாஷ் தமிழரசன்னு கத்தும். அதுக்குத்தான் சிரிக்கும் அந்தப் புள்ள. ஒரு தடவ, ஒரு தடவையாவது அதும் பேரச் சொல்லிருக்குமா உங்க எழவெடுத்த ஆப்பு?

பேர மாத்தணும்னா ஓடிபி அவரு போனுக்குப் போவுது, நான் எங்கேர்ந்து மாத்துறது? அவருகிட்ட சொல்லாம இருப்பனா? சொன்னேன். மவளுக்காகப் பொய் சொல்றியாடின்னு கேட்டாரு.

என்னா பாக்குறீங்க, சந்தேகமா? ஏ வானதி, இங்க வா. அழாத, முந்தானையால மூஞ்சத் தொடச்சுக்க. இவருதான் அந்த ஆப்புக்காரரு. கேளுங்க தம்பி, உங்க மிஷின்ல இருக்கற எந்தக் கேள்விய வேணா கேளுங்க.

இன்னும் கஷ்டமாக் கேளுங்க.

நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடுச்சு பாருங்க. நீ உள்ள போ கண்ணு. பூவக் கசக்காத... சரி, கசக்குனா கசக்கிக்க.

தம்பி, எங்க திரும்புறீங்க? வந்த வேலையப் பாத்துட்டுப் போங்க. முதல் மாணவர்னு ஷீல்டு குடுக்கத்தான வந்தீங்க? அப்ப அது யாருன்னு இதுங்க அப்பாட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. கம்பெனியில கேக்கணுமா? பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டீங்களா, படிச்சது யாருன்னு? குடும்ப விசயமா? குடும்பத்துக்குள்ள ஞாயித்துக்கெழமதோறும் பொய் சொல்லி அனுப்புனது நீங்கதான? அப்ப மட்டும் இனிச்சுதா?

இப்பப் போன் போட்டா அவரு எடுப்பாரு, பூ வைக்கிறத வீடியோவுல பாக்கணும்னு லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரு. ஆப்புல படிப்பு நின்ன தேதியச் சொல்லுங்க, அன்னியிலேர்ந்து யாரும் படிக்கலன்னு சொல்லுங்க. நீங்க கேட்டதையும் அது சொன்னதையும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். ஷீல்ட நல்லா தெரியிற மாரி புடிங்க. அய்யோ, தெருமொனையில பேச்சுச் சத்தம் கேக்குதே, வந்துட்டாங்க போலருக்கு. நகராதீங்க தம்பி, இந்த வாசல விட்டு நகந்தீங்க, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்.

அலோ... ஏங்க, நாந்தான். இல்லங்க, இன்னும் பூ வைக்கல. கத்தாதீங்க, நான் ஒண்ணும் பேசல. நான் பேசுனா நம்ப மாட்டீங்கன்னு தெரியும். நீங்க நம்புற ஆளு வாசல்ல நிக்கிறாரு, குடுக்குறேன், கேளுங்க.