ஏழாம் மாசத்துக் குழி

தப்பு உங்க மேலதானுங்க மேடம். இந்தப் படத்த இத்தன வருசங் கழிச்சு வந்து காட்டறீங்களே, எம்புள்ள பொறந்தப்பவே காட்டறதுக்கு என்னுங்க? ஆமாங்க, அப்ப இந்த வித்தை யாருக்கும் கைவரலீன்னு சொல்லீட்டீங்க. அதுக்காக எனக்குக் கோவம் வரக்கூடாதுங்களா?

சித்த உக்காருங்க. லேப்டாப்ப மூடாதீங்க. கீழ தையல் மிசின் ஓடற சத்தத்துல உங்க பேச்சு பாதிதான் காதுல உழுந்துச்சு. படம் நல்லாத் தெரிஞ்சுதுங்க. நான் எட்டாவதே தாண்டல. ஆனா கோடு போட்ட பனியன் துணிய அளக்காமயே ஏத்த எறக்கம் சொல்லீருவேன். மொதப் படத்துல யாரோ நல்லா இருக்கற ஆளோட ஒடம்புச் செல்லு. முதுகெலும்பா ஆகப்போற கட்டு, மேல இருந்து கீழ ஒவ்வொண்ணா, ஒரே தாளத்துல பிரிஞ்சு வருது, மிசின்ல கோடு உழுகறாப்புல. ரெண்டாவது எம்புள்ள அனுப்பிரியாவோட செல்லு. ரெண்டு கட்டு ஒட்டிக்கிச்சு, ஒண்ணு பாதில நின்னு போச்சு. அவ எக்ஸ்ரே அப்படியே... அப்படியே இல்லீங்களா? செரி, அதே மாதிரி.

உங்க ஆராய்ச்சிக்குன்னு புள்ளகிட்டத் துளி ரத்தம் வாங்கிட்டுப் போயி, அத மறுக்கா கருவுல இருக்கற செல்லாட்டம் மாத்தி, கண்ணாடித் தட்டுல வளத்தறேன்னீங்க. அப்படியே முதுகெலும்பும் வளத்து எம்புள்ளைக்கு வெச்சுருங்க, பேசி முடிச்சுக்கலாம்னேன். சிரிச்சீங்க. இது வைத்தியமில்லீங்க, எப்படிக் கோணுச்சுன்னு பாக்கறதுக்குத்தான்னீங்க. செரி, பாத்தாச்சு.

இப்பப் போற போக்குல ஒண்ணு சொன்னீங்களே, அத மறுக்கா சொல்லுங்க. வயித்துல இந்தக் கட்டெல்லாம் பிரியறது ரெண்டாவது மாசத்துக்குள்ளயே முடிஞ்சுருமா? ஏழாவது மாசம் இல்லீங்களா?

ஏழாவது மாசத்துல எம்பட ஊட்டுக்காரி விஜயகுமாரி, பல்லடம் ரோட்டுல ஒரு குழில ஸ்கூட்டரோட உழுந்தாளுங்க. புள்ள முதுகு வளஞ்சு பொறந்துச்சு. உன்னாலதான்டீன்னு ஆஸ்பத்திரில வெச்சே சொன்னேன். காதுகுத்துக்கு வந்த சனத்துக்கு முன்னாடி சொன்னேன். ஒவ்வொரு ஆப்பரேசனுக்கும் சொன்னேன். அவ ஒருநாளும் எதுத்துப் பேசலீங்க. அதுல இருந்து வண்டில உக்காரவே மாட்டா. ஊட்டுல இருந்து கம்பெனிக்கு நான் பைக்குல வருவேன், அவ வெய்யில்ல நடந்து வருவா. போன வாரம் புள்ளயே கேக்குது, நீ ஏம்மா அன்னைக்கு வண்டில போனேன்னு. தப்புத்தான் கண்ணு, மன்னிச்சுக்கோங்கறா.

அந்தக் கண்ணாடித் தட்டு எந்த வண்டில போச்சுங்க மேடம்? எந்தக் குழில உழுந்துச்சு?

பரம்பரையா வந்த கோளாறு அவகிட்டப் பாதி, என்கிட்டப் பாதி, ரெண்டும் சேந்ததுல இப்படி ஆயிருச்சு, யார் மேலயும் தப்பில்லைங்கறீங்க. அப்படி லேசா என்னய உட்டுராதீங்க.

எத்தன வெளிநாட்டுப் பார்ட்டிகிட்ட மல்லுக்கட்டி ரேட்டு ஏத்துன வாயிங்க இது. அவகிட்ட இதச் சொல்ல மட்டும் வரமாட்டீங்குது. கீழ துணி பாத்துட்டு இருந்தவள மேல வரச் சொல்லியிருக்கறேன். நீங்கதான் சொல்லோணும். ரெண்டாவது மாசம்ங்கறத நல்லா அழுத்திச் சொல்லுங்க.

குழில உழுந்த அன்னைக்குக்கூட, இடுப்பு வலிக்குதுங்க, நாளைக்குப் போறேன்னுதான் சொன்னா. லேபிள் இன்னைக்கே வேணும்னு வண்டிச் சாவியக் கைல திணிச்சு அனுப்புனது நாந்தானுங்க.

படியேறி வர்றா பாருங்க. லேப்டாப்ப அந்தப் பக்கம் திருப்புங்க மேடம். மொதல்ல இருந்து ஓட்டுங்க. சொல்லுங்க, நீங்க சொல்லித்தான் ஆகோணும்.