சூட்டுக்கு இல்ல, சுதிக்கு

மேலயே இருங்கன்னு சொன்னேன், கேக்கல. சரி, வந்துட்டீங்க. தலையப் பாத்து வாங்க தம்பி. அந்தக் குழாய்ல முட்டாத ஆளே கிடையாது. பாத்தீங்களா. முட்டிக்கிட்டீங்க.

உங்களுக்கு முன்னால பாய்லர் இன்ஸ்பெக்டரா இருந்தாரே ஷென்க், அவர் மனுஷன். முழங்கால் வலி. வருஷா வருஷம் இந்த ஸ்கூலுக்கு வருவார், மேல கேன்டீன்லயே உக்காருவார். என் தங்கச்சி சுட்டது, கறியும் முட்டைக்கோஸும் வச்ச பன்னு, ரெண்டு தின்பார். இத ஓட்டறவன் நாந்தானே, பாய்லர் எப்படி இருக்கு வெர்னன்னு கேப்பார். இருக்குன்னுவேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவார். உங்களுக்கு பன்னும் வேணாம்னுட்டீங்க. முழங்காலும் நல்லா இருக்கு. என் நேரம்.

தொடாதீங்க. சுடும்.

என்ன கேட்டீங்க? கூரை மேல புது ஹீட்டர் நாலு ஓடுறப்ப இந்தக் கிழம் எதுக்கா? அதுவும் ஏப்ரல்ல, குளிர் போயி ஜன்னல் எல்லாம் தெறந்து போட்டிருக்கறப்ப? நியாயமான கேள்விதான். இது சூட்டுக்கு இல்ல தம்பி. சுதிக்கு.

சிரிக்காதீங்க. ஸ்கூல் போர்டு கூடித் தீர்மானமே போட்டிருக்கு, பாய்லர எடுக்கக் கூடாதுன்னு. ஏழு பேரும் கை தூக்கினாங்க. அதே கூட்டத்துல கணக்குக்கு ஒரு வாத்தியார் கேட்டாங்க. ஒரு கை தூக்கல.

நமக்கு நேர் மேல என்னன்னு நெனைக்கிறீங்க? மேடை. பேண்ட் பயிற்சியும் அங்கதான், கச்சேரியும் அங்கதான். இந்தப் பாய்லர் மோட்டார் ம்ம்ம்முன்னு ஒரே சுரத்துல இழுக்கும். பி ஃப்ளாட்டுன்னு பேரு. பேண்டுல அத்தன வாத்தியமும் சுதி சேக்கறது அதுலதான். இங்க இழுத்தா அந்தத் தகரக் குழாய் வழியா மேல ஏறி, பலகை எல்லாம் அதிரும். அடியில ரெண்டு டூபா நிக்கற மாதிரி இருக்கும். டூபா தெரியுமில்ல, பித்தளையில யானை மாதிரி இருக்குமே, அது.

இருபது வருஷம் முன்ன பேண்டு நடத்தற டைரக்டர் ரெம்பெல் வந்து அதக் கண்டுபுடிச்சார். அதாவது, நான் சொன்னேன், அவர் கண்டுபுடிச்சார். உடனே டூபா வேணாம்னுட்டார். எந்தப் புள்ளயும் அதத் தூக்க வர்றதில்ல, எல்லாத்துக்கும் சாக்ஸஃபோன் வேணும். பாய்லர் இருக்கு, போதும்னார். ஊரும் போதும்னுச்சு. இந்த ஊரு ஃபுட்பாலுக்கு மட்டுந்தான் கேள்வி கேக்கும்.

போட்டியா? வருஷா வருஷம் உண்டு. மூணு ஜட்ஜு உக்காந்து முதல் தரம், ரெண்டாந்தரம்னு சீட்டு எழுதுவாங்க. முக்கால்வாசி ஸ்கூலுக்கு முதல் தரந்தான், யார் மனசும் நோகக் கூடாதுல்ல. அதுலயும் நம்ம புள்ளைங்களுக்கு ரெண்டாந்தரம். வெளியூர்ல அடியில சத்தம் இருக்காதே. அந்த ஊரு பாய்லர் சரியில்லன்னு டைரக்டர் புகார் எழுதிப் போட்டார். நெசமா. கமிட்டி வெச்சு விசாரிச்சாங்க.

அதான் இந்த வருஷம் போட்டிய நம்ம ஸ்கூல்லயே வச்சிருக்காங்க. சனிக்கிழமை. இருபத்திரண்டு ஸ்கூலு. கான்சஸ் மாநிலத்துல இருக்கற பேண்டு டைரக்டர் எல்லாம் வர்றான், வாசிப்பு கேக்கவா, தரைய மிதிச்சுப் பாக்க. மாநாடு மாநாடாப் போயி நம்ம ரெம்பெல் லெக்சர் அடிக்கிறாரே. பக்கத்து மாவட்டத்துல ஒரு ஸ்கூலு அதக் கேட்டுட்டு, பழைய இரும்புல ஒரு பாய்லர வாங்கி பேண்ட் ரூமுக்குக் கீழ வச்சுது. அது அரைச் சுரம் இறங்கி இழுத்துது. மாத்துவாங்கன்னு பாத்தா, புள்ளைங்கள இறக்கிட்டாங்க. இப்ப அந்த பேண்டே அரைச் சுரம் கீழதான் வாசிக்குது.

மேல பதினொண்ணாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, மாரிலி கோயரிங். கிளாரினெட். சனிக்கிழமை ஒரு எடத்துல அது மட்டும் தனியா வாசிக்குது. பயந்த சுபாவம். அடியில சுதி கேட்டாத்தான் அதுக்குக் கை ஓடும். கேக்கலேன்னா மூச்சு நின்னுடும். இத ஏன் சொல்றேன்னா, ஓட்டக் கூடாதுன்னு நீங்க மாட்டற சிவப்பு அட்டைய சனிக்கிழமை தாண்டி மாட்டுங்க. இல்ல, மாட்டாமயே போங்க.

மீட்டர் முள்ளு ஆடலயா? பழைய முள்ளு. அப்படித்தான்.

இல்ல, இப்ப ஓடல. விட்டு விட்டுத்தான் ஓடும். பேண்டு ஆரம்பிச்சா ஓடும். அதெப்படித் தெரியும்னா... தம்பி, நீங்க இன்ஸ்பெக்டரா, வக்கீலா? பாட்டுல எங்க பொருந்துதோ அங்க மட்டும் இழுக்கும், மத்த எடத்துல சும்மா இருக்கும். பாய்லருக்கே இசை ஞானம் வந்துட்டுதுன்னு டைரக்டர் கட்டுரையே எழுதியிருக்கார். படம் போட்டு.

தொடாதீங்கன்னேன்ல.

தொட்டாச்சா. சரி.

ஆமா, சில்லுன்னுதான் இருக்கு. பதினோரு வருஷமா சில்லுன்னுதான் இருக்கு. மோட்டார் கருகிப்போச்சு. சொன்னா எடுத்துட்டு எடத்த மூடிடுவாங்க. மேல மூணு நாளு சுதி இல்லாம ஆளுக்கொரு பக்கம் இழுத்துதுங்க. சகிக்கல. டைரக்டருக்கு ஏன்னு புரியல. அழற நெலமைக்கு வந்துட்டார். அவருக்கு இன்னமும் தெரியாது. தெரிஞ்சா எப்படி லெக்சர் அடிப்பார்?

அந்தத் தொட்டிக்குப் பின்னால சாக்குப் போட்டு மூடியிருக்கே, அது குழாய் இல்ல. எடுங்க பாப்போம். மெதுவா, கனக்கும். ஸ்கூல் கணக்குப் புஸ்தகத்துல இது காணாமப் போன டூபா. நாந்தான் காணாமப் போக்கினேன்.

கத்துக்கிட்டதெல்லாம் இல்ல. நானும் இந்த ஸ்கூல்தான். ஃபுட்பால் மைதானத்துல பேண்டு ஊர் பேரு மொத எழுத்தா நிக்கணும், எழுத்துக்கு ஆள் பத்தல. எனக்குத் தோள் இருந்துது. மொத நாள் ஊதினேன், ஒரு சுரம் வந்துது. அப்ப இருந்த டைரக்டர் ஓடி வந்து குழாய்ல துணிய அடைச்சார். ஊதாத, கன்னத்த மட்டும் உப்பிக்கோன்னார். நாலு வருஷம் கன்னத்த உப்பிக்கிட்டு நடந்தேன். கடைசி வருஷம் மெடல் குடுத்தாங்க, ஒழுங்கான வாசிப்புக்கு.

அந்த மொத நாள் சுரந்தான் பி ஃப்ளாட். வேற ஒண்ணும் தெரியாது.

மணி அடிச்சுட்டுது. கேட்டீங்களா, நாற்காலி இழுக்கறாங்க. இப்பச் சுதி சேப்பாங்க. நீங்க சிவப்பு எழுதுங்க, பச்ச எழுதுங்க, உங்க கையி. எழுதறத ரெண்டு நிமிஷம் கழிச்சு எழுதுங்க. பேனா கீறுற சத்தம் அந்தக் குழாய்ல ஏறும்.

அந்தக் கதவச் சாத்துங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அப்படி. அந்தப் பொண்ணு எப்பவும் கொஞ்சம் தாமசமாத்தான் சுதிக்கு வரும். அது வர்ற வரைக்கும் விடாம இழுக்கணும். எனக்கு மூச்சு இப்பல்லாம் பாதியில போயிடுது.

நின்னுட்டா முதுகுல ஒண்ணு தட்டுங்க.